எந்த நெட்? எந்த போர்ட்? கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் இங்கிலீஷ் கேள்விகள்

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை. பகலில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், மனு எழுதித் தருவது. சாயங்காலம் மாடியில் பத்துப் பதினைந்து பேருக்கு இங்கிலீஷ் வகுப்பு. கப்பல் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். வளைகுடா போக விசாவுக்குக் காத்திருப்பவர்கள் வருவார்கள். (வளைகுடா என்றால் எது என்று கேட்காதீர்கள். வாசலில் அலையடிப்பதும் மன்னார் வளைகுடாதான். ஆனால் "மச்சான் வளைகுடா போயிட்டான்" என்றால் அவன் துபாயில் இருக்கிறான்.) பேரன் அனுப்பிய மெசேஜைக் காட்டி அர்த்தம் கேட்கிற பெரியவர்களும் உண்டு.

எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: "இந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம்னுதானே சொன்னீங்க, இங்க ஏன் ஒத்து வரல?" அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரே சொல்லுக்கு எதுக்கு அண்ணே இத்தனை அர்த்தம்? வேற வேற சொல் வச்சிருக்கக் கூடாதா?

நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? கீழக்கரையில் "பாய் கடைல பாய் வாங்கினேன்" என்றால் யாரும் திகைப்பதில்லை. அதே பாயைப் படகில் ஏற்றினால் காற்றுப் பிடித்து ஓடும். தண்ணீர் பாயும், நாயும் பாயும்.

காக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். கூரையில் உட்கார்ந்து கரைவதும் காக்காதான். "காக்கா வந்திருக்கு" என்றால் பறவை. "காக்கா வந்திருக்காங்க" என்றால் அண்ணன். சொல் மாறவில்லை, பக்கத்தில் இருந்த வினைமுற்று மாறியது, அவ்வளவுதான். இங்கிலீஷ் வினையில் இந்த வசதி குறைவு. அதனால் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று பார்த்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டும். என்னிடம் ஒற்றைச் சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். முழு வாக்கியத்தைக் கொண்டு வாருங்கள்.

எல்லாம் ஒரே சொல்தானா, இல்லை வேற வேற சொல்லு ஒரே மாதிரி இருக்கா?

இரண்டு விதமும் உண்டு. இந்தக் கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஒரு சொல்லே நீண்டு நீண்டு பல வேலைக்குப் போவது ஒரு விதம். பாம் என்றால் உள்ளங்கை, பனையும் தென்னையும் பாம்தான். லத்தீனில் உள்ளங்கைக்கு இருந்த பெயரையே விரிந்த ஓலையைப் பார்த்து மரத்துக்கும் வைத்தார்கள். சாயல்குடிப் பக்கம் போய் ஒரு பனையோலையை நிமிர்ந்து பாருங்கள், ஐந்து விரலையும் விரித்த மாதிரிதான் இருக்கும். கிரேன் என்ற இயந்திரமும் அப்படித்தான்: கழுத்தை நீட்டி நிற்கும் கொக்கு இனப் பறவையின் பெயரை வாங்கிக்கொண்டது.

வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே சட்டை போட்டு வருவது இன்னொரு விதம். ரே என்றால் ஒளிக்கதிர், ரே என்றால் திருக்கை மீனும்கூட. கதிர் வந்தது லத்தீனில் ஆரக்கால் என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து, மீன் வந்தது லத்தீனில் அந்த மீனுக்கே இருந்த பெயரிலிருந்து. இரண்டுக்கும் உறவே கிடையாது. திருக்கையின் உடம்பிலிருந்து கதிர் வீசுகிறது என்று ஒரு தம்பி காரணம் கண்டுபிடித்துச் சொன்னான். கற்பனைக்கு மார்க் கொடுத்தேன், பதிலுக்குக் கொடுக்கவில்லை.

'பேர்ல் பேங்க்' என்றால் முத்து வங்கியா?

முத்துப் பார். நம் கடலடியில் சிப்பி படிந்து கிடக்கும் திட்டுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் பார். வெள்ளைக்காரன் அதைத்தான் பேங்க் என்று எழுதி வைத்தான். கச்சத்தீவு விவகாரம் படிக்கும்போது 1976 ஒப்பந்தத்தில் 'வாட்ஜ் பேங்க்' என்று வரும். அது கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் மீன்வளத் திட்டு, அங்கே பணம் கட்ட முடியாது.

ஆற்றங்கரைக்கும் கடலடித் திட்டுக்கும் உள்ள பேங்க் வடக்கத்திய நார்ஸ் மொழி வழி வந்தது, மேடு என்ற பொருளில். பணம் வைக்கும் பேங்க் இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து வந்தது. திவாலுக்குச் சொல்லும் பேங்க்ரப்ட் என்பதிலும் அந்த உடைந்த பெஞ்சுதான் கிடக்கிறது.

நம் பாருக்கும் இங்கிலீஷ் பாருக்கும் சம்பந்தம் உண்டா என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. இங்கிலீஷ் பார் என்பது கம்பி, குறுக்குக்கட்டை. நீதிமன்றத்தில் குறுக்கே இருந்த கட்டையால் வக்கீல்கள் சங்கம் பார் ஆனது, கடையில் குறுக்கே இருந்த மேசையால் சாராயக் கடை பார் ஆனது. ஆற்று முகத்துவாரத்தில் குறுக்கே படியும் மணலுக்கும் பார் என்பார்கள். அதையும் நம் பாரையும் ஒரே வரைபடத்தில் பார்த்தால் குழப்பம்தான்.

பாம்பன் போர்ட்டும் போனில் சார்ஜ் போடும் போர்ட்டும் ஒன்றா?

வகுப்பில் ஒரு மணி நேரம் தின்றுவிடும் கேள்வி இது. நான்கு போர்ட்டைத் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது துறைமுகம். பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வருகிறதே, அது. இரண்டாவது வாசல் போன்ற திறப்பு. சார்ஜர் செருகுவது இந்த வகை. கப்பல் பக்கவாட்டில் இருக்கும் வட்ட ஜன்னல் போர்ட்ஹோலும் இதுதான். லத்தீனில் துறைக்கும் வாசலுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு சொற்கள், தாயாதிகள். மூன்றாவது ஒரு வகை ஒயின். போர்ச்சுகலில் உள்ள போர்ட்டோ நகரத்தின் பெயரால் வந்தது, நம் வகுப்புக்குத் தேவையில்லை.

நான்காவதுதான் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் தப்பு செய்யக் கூடாத இடம். கப்பலில் அணியத்தை, அதாவது முன்பகுதியைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்டு. ஸ்டார் என்பது நட்சத்திரம் இல்லை. பழைய காலத்துப் படகுகளில் திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. 'ஸ்டியர்' செய்கிற பக்கம் என்பதுதான் உருமாறி ஸ்டார்போர்டு ஆனது. துடுப்பு இருக்கும் பக்கத்தைக் கரையில் அணைத்தால் துடுப்பு உடையும், அதனால் மறுபக்கத்தைத் துறையில் அணைத்தார்கள். துறைப் பக்கம், அதாவது போர்ட். முன்பு இடப்பக்கத்துக்கு லார்போர்டு என்று ஒரு சொல் இருந்தது. காற்றிலும் அலையிலும் கத்தினால் லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒன்றுபோலக் காதில் விழுமே! 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை இனி போர்ட் என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. இரவில் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை. போர்ட், லெஃப்ட் இரண்டுக்கும் இங்கிலீஷில் நாலு எழுத்து என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

லெஃப்ட் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். யாருக்கு லெஃப்ட்? அமரத்தை, அதாவது பின்பகுதியைப் பார்த்து நிற்கிறவனுக்கு இடது வலது மாறிவிடும். போர்ட் மாறாது, அது கப்பலின் இடக்கை.

5-ஆம் எண் கூண்டுக்கு வானிலைத் துறையின் இங்கிலீஷ் விளக்கத்தில், புயல் தன் பாதைக்கு இடப்பக்கம் போர்ட்டை வைத்துக் கடக்கும் என்று இருக்கும். 6-ஆம் எண் என்றால் வலப்பக்கம். இதைப் படித்த ஒரு மாணவன், "போர்ட்டே லெஃப்ட்டுதானே சார், லெஃப்ட்டுக்கு லெஃப்ட்டா?" என்று கேட்டான். இங்கே போர்ட் துறைமுகம், லெஃப்ட் மட்டும்தான் இடது. அவன் கேட்டது தப்பே இல்லை. ஒரு சொல்லின் நாலாவது அர்த்தத்தை நேற்றுப் படித்தவனுக்கு இன்று முதல் அர்த்தம் மறந்து போவது இயல்பு.

கடல்ல 'டிப்ரெஷன்' என்று வந்திருக்கு. கடலுக்குமா மன அழுத்தம்?

ஒரு வாட்ஸப் குழுவில் யாரோ இங்கிலீஷ் வானிலை அறிக்கையை மொபைலில் மொழிபெயர்த்துப் போட்டுவிட்டார்கள்: தென்மேற்கு வங்கக் கடலில் மனச்சோர்வு உருவாகியுள்ளது. அதன் கீழே ஒரு பெரியவர், "பதினஞ்சு நாளா யாரும் போகலைல, அதுக்கும் ஏக்கம்தான்" என்று எழுதியிருந்தார்.

டிப்ரெஷன் என்றால் அழுந்திப் பள்ளமானது. காற்றின் அழுத்தம் தாழ்ந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மனம் தாழ்ந்தால் மனச்சோர்வு, வியாபாரம் தாழ்ந்தால் பொருளாதார மந்தம்; 1929-இல் அமெரிக்காவில் தொடங்கியது மூன்றாவது வகை. தரையில் சின்னப் பள்ளம் இருந்தாலும் டிப்ரெஷன்தான். சொல் ஒன்று, அழுந்தும் இடம்தான் வேறு.

வானிலைக்காரர்களிடம் இதற்குக் கறாரான அளவு உண்டு. காற்று 17 முதல் 27 நாட் வரை இருந்தால் டிப்ரெஷன், 28 முதல் 33 வரை 'டீப்' டிப்ரெஷன், 34 தொட்டுவிட்டால் புயல். டீப் என்றதும் ஆழ்கடலில் இருக்கிறது, நமக்கில்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே டீப் என்பது தீவிரம். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வள்ளத்தை இறக்கினால் விளைவு அகராதியோடு நிற்காது.

நாட் என்றால் முடிச்சுதானே? காற்றுக்கு எப்படி முடிச்சு?

அதே முடிச்சுதான். பழைய பாய்க்கப்பலில் வேகம் பார்க்க, ஒரு நீளக் கயிற்றின் நுனியில் பலகையைக் கட்டிப் பின்னால் கடலில் விடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி ஓடும் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் கையிலிருந்து எத்தனை முடிச்சு நழுவுகிறது என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு போனால் ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். கயிறு போய்விட்டது, மணலும் போய்விட்டது, முடிச்சு மட்டும் ஜிபிஎஸ் திரையில் இன்னும் இருக்கிறது.

கல்யாணத்துக்கும் இங்கிலீஷில் நாட் கட்டுவது என்பார்கள். நமக்கு மூன்று, அவர்களுக்கு ஒன்று.

'ரஃப் ஸீ' என்றால்?

கொந்தளிப்பான கடல். ரஃப் நோட்டு, ரஃப் கணக்கு எல்லாம் இங்கே வராது. அறிக்கையில் மாடரேட் என்றால் அலை ஒன்றேகால் முதல் இரண்டரை மீட்டர், ரஃப் என்றால் இரண்டரை முதல் நாலு மீட்டர். "ரஃபா ரெண்டு மீட்டர்" என்று யாராவது சொன்னால் அது தோராயம், அவர் வானிலைத் துறையில் இல்லை.

கரண்ட்?

ஓடுவது எல்லாம் கரண்ட். கம்பியில் ஓடினால் மின்சாரம், கடலில் ஓடினால் நீரோட்டம், இன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தால் நடப்பு. கரண்ட் அக்கவுண்ட், கரண்ட் அஃபேர்ஸ் இரண்டும் அந்த நடப்புதான். கேக்கில் போடும் உலர் பழத்தின் பெயரும் காதில் இப்படித்தான் விழும். அது எழுத்தே வேறு. கிரேக்கத்தின் கொரிந்த் ஊர்ப் பெயரிலிருந்து வந்தது.

'மேக் ஃபாஸ்ட் த லைன்' என்றால் கயிற்றை வேகமாகச் செய்யணுமா?

கப்பல் பயிற்சிக்குப் போன ஒரு பையன் முதல் நாள் இதைக் கேட்டுக் கயிற்றை அவசர அவசரமாக இழுத்திருக்கிறான். பயிற்சியாளர் கத்த, இவன் இன்னும் வேகமாக இழுத்திருக்கிறான். இழுத்த கயிறு கையிலேயே இருக்க, கட்டவேண்டிய கட்டை பக்கத்தில் சும்மா நின்றிருக்கிறது. அவர் சொன்னது: கயிற்றை இறுக்கிக் கட்டு.

ஃபாஸ்டுக்குப் பூர்வ அர்த்தமே உறுதி, அசையாமை. சாயம் போகாத துணிக்கு ஃபாஸ்ட் கலர், அசையாமல் தூங்கினால் ஃபாஸ்ட் அஸ்லீப். சாப்பிடாமல் உறுதியாக இருந்தால் நோன்பு. விடாமல் உறுதியாக ஓடியதால் மெல்ல வேகம் என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. அசையாததுக்கும் பறக்கிறதுக்கும் ஒரே சொல்! காலையில் இட்லி தின்பதற்குப் பெயர் பிரேக்ஃபாஸ்ட். ராத்திரி நோன்பை முறிப்பது. ரமலானில் மக்ரிபுக்குப் பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிப்பதைத்தான் எழுத்துப்படி பிரேக்ஃபாஸ்ட் என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன், வகுப்பில் சிரித்தார்கள்.

நெட்?

இது என் சொந்தத் தலைகுனிவு. கடை வைத்த புதிதில், கருவாடு பாக்கெட் போடும் ஒரு அக்கா இங்கிலீஷ் ஸ்டிக்கரைக் கொடுத்துத் தமிழில் அடித்துத் தரச் சொன்னார். நெத்திலி, பிடித்த ஊர், பேக் செய்த தேதி எல்லாம் சரியாகப் போட்டேன். 'நெட் வெயிட்' என்று வந்த இடத்தில், மீன் சமாச்சாரம்தானே என்று யோசிக்காமல் 'வலை எடை 200 கிராம்' என்று அடித்துவிட்டேன். ஐந்நூறு ஸ்டிக்கர். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க வலை இருநூறு கிராம்னா நெத்திலி கூடச் சிக்காதுப்பா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அது நிகர எடை. உறை, டப்பா எல்லாம் கழித்து உள்ளே இருக்கும் சரக்கு. கழித்துச் சுத்தமாக்கியது என்று பிரெஞ்சு வழி வந்த சொல். மீன் பிடிக்கும் வலை பழைய இங்கிலீஷின் சொந்தச் சொல். இரண்டும் ஒட்டாது. சம்பளச் சீட்டில் 'நெட் பே' என்பதும் பிடித்தம் போகக் கைக்கு வருவது. இன்டர்நெட் மட்டும் வலையின் பிள்ளை. இப்போது யாராவது கடை வாசலில் நின்று "நெட் இருக்கா?" என்றால், எந்த நெட் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

'சாங்ஷன்' நல்லதா கெட்டதா?

ஆபீஸில் நல்லது, செய்தியில் கெட்டது. "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்றால் ஒப்புதல். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது சாங்ஷன் போட்டது என்றால் தடை. சட்டமாக உறுதிசெய்வது என்பதுதான் வேர். உறுதிசெய்தால் அனுமதியும் வரும், மீறினால் தண்டனையும் வரும். இப்படித் தலைகீழான இரண்டு அர்த்தத்தைச் சுமக்கும் சொற்களிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

ரிசர்வேஷனும் சூதானமாகக் கையாள வேண்டியது. ராமேஸ்வரம் ரயிலுக்கு எடுப்பது முன்பதிவு. கல்லூரி இடத்துக்கு இடஒதுக்கீடு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்றார்கள், 1989-இல் அந்தப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள், அது ரிசர்வ். ஆனால் ஒரு அதிகாரி கடிதத்தில் உங்கள் திட்டம் பற்றித் தனக்கு 'ரிசர்வேஷன்ஸ்' உண்டு என்று எழுதினால், இடம் ஒதுக்கியிருக்கிறார் என்று இனிப்பு வாங்கிவிடாதீர்கள். அவருக்கு ஒப்பவில்லை, மரியாதையாகச் சொல்கிறார்.

படகு லாஞ்ச், ராக்கெட் லாஞ்ச்?

உறவில்லை. படகுக்கான லாஞ்ச் போர்ச்சுகீசிய 'லாஞ்சா' வழி வந்தது. அவர்கள் அதைக் கிழக்கே மலாய்க் கடலில் பிடித்திருக்கலாம் என்பார்கள். ஏவுவது என்ற லாஞ்ச், ஈட்டிக்குப் பெயரான லான்ஸ் வழியில் வந்தது, ஈட்டியை வீசுகிற மாதிரி. புதுப் படகைத் தண்ணீரில் இறக்குவதும் இந்த இரண்டாவது லாஞ்ச்தான், ஆகவே லாஞ்சை லாஞ்ச் பண்ணலாம்.

படகுக்கார வீட்டில் பிறந்து ராக்கெட்டுக்குப் போனவர் நம் ஊரிலேயே உண்டு. அப்துல் கலாம் 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்தார், அவர் தந்தை படகு வைத்திருந்தவர். 1980 ஜூலையில் ரோகிணி செயற்கைக்கோளை எஸ்எல்வி-3 மேலே கொண்டுபோனபோது திட்ட இயக்குநர் மகன். அந்த வீட்டுக்கு இரண்டு லாஞ்சும் பழக்கம்.

கேட்டமரான் நம்ம கட்டுமரம்தானே? அப்ப கேஷும் நம்ம காசுதானே?

கேட்டமரான் சந்தேகமில்லாமல் நம்முடையது. ஆனால் போன இடத்தில் ஆள் மாறிவிட்டது. நமக்குக் கட்டுமரம் என்றால் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, தண்ணீர் மேலேயும் வரும் கீழேயும் போகும். இன்றைய இங்கிலீஷில் கேட்டமரான் என்றால் இரண்டு உடல்களை மேலே தளம் போட்டு இணைத்த படகு; பணக்காரர் உல்லாசப் படகும் அதுதான், விரைவுப் பயணிக் கப்பலும் அதுதான். விளம்பரத்தில் அதைக் கட்டுமரம் என்று மொழிபெயர்த்தால் நம் ஆள் சிரிப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலீஷில் சண்டைக்காரப் பெண்ணுக்கும் அந்தப் பெயர் இருந்தது, பூனையைக் குறிக்கும் 'கேட்' முன்னால் இருப்பதால் வந்த வினை.

கேஷ் விஷயத்தில் மேடையில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். இங்கிலீஷில் இரண்டு கேஷ். ரொக்கம் என்ற கேஷ், இத்தாலிய பிரெஞ்சு வழியில் பணப்பெட்டியைக் குறித்த சொல். கேஷியர் அந்தப் பெட்டிக்குக் காவல். இன்னொரு கேஷ், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்துக்குப் பெயர்; அதுதான் நம் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. பாதி நமக்கு, பாதி அவர்களுக்கு. சங்கை இங்கிலீஷில் சேங்க் என்பார்கள், அதுவும் இந்தியாவிலிருந்து போன சொல்.

'த கேப்டன் லெஃப்ட் த பிரிட்ஜ்' என்றால் கேப்டன் பாம்பன் பாலத்திலிருந்து கிளம்பிவிட்டாரா?

கப்பலில் பிரிட்ஜ் என்றால் கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை. பழைய நீராவிக் கப்பல்களில் இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரம் இருக்கும். அவற்றின் கூடுகளுக்கு நடுவே ஒரு நடைபாலம் போட்டு, கேப்டன் அதில் நின்று பார்ப்பார். சக்கரம் போனது, பாலம் என்ற பெயர் அறையோடு தங்கிவிட்டது. பல் டாக்டர் பிரிட்ஜ் போடலாம் என்பதும் அக்கம்பக்கப் பல்லில் தாங்கிக் கட்டுவதுதான்.

பாலம் என்றதும் ஸ்பான் பற்றியும் சொல்ல வேண்டும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வந்தபோதெல்லாம் நடு ஸ்பான் இரண்டாகப் பிளந்து இரு கையும் தூக்கிய மாதிரி நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் ஸ்பான் அப்படியே மட்டமாக மேலே லிஃப்ட் போல ஏறுகிறது. அந்த ஸ்பான் என்ற சொல்லின் பழைய அர்த்தம் என்ன தெரியுமா? சாண். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, ஒன்பது அங்குலம். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை எட்டிப் பிடிப்பது பாலத்தின் சாண், பிறப்பிலிருந்து இறப்பு வரை எட்டுவது 'லைஃப்ஸ்பான்'. நாம் எண்சாண் உடம்பு என்று உடம்பை அளந்தோம், அவர்கள் ஆயுளை அளந்தார்கள்.

'ஸ்பிரிங் டைடு' வசந்த காலத்தில்தான் வருமா?

மாதம் இரண்டு முறை வரும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும். ஸ்பிரிங் என்பதன் வேர் துள்ளி எழுவது. தண்ணீர் துள்ளினால் ஊற்று, தளிர் துள்ளினால் வசந்தம், கம்பி துள்ளினால் சுருள்வில், கடல் துள்ளினால் இந்த ஓதம். வில்லூண்டித் தீர்த்தத்தில் உப்புக் கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அதையும் ஸ்பிரிங் என்று எழுதலாம். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் வாளி விட்டு இறைக்கும் கிணறுகளுக்கு 'வெல்' போதும். அந்த வெல்லும் 'வெல் டன்' என்பதில் வரும் வெல்லும் வேறு வேறு.

ஒரே எழுத்து, வேற உச்சரிப்பு என்று சொல்கிறார்களே?

அதுவும் உண்டு. வின்ட் என்றால் காற்று, அதே எழுத்தை வைன்ட் என்று படித்தால் சுற்று. லெட் என்றால் வலையின் அடியில் கட்டுகிற ஈயம், லீட் என்றால் முன்னால் போ. இங்கிலீஷில் 'போ' என்றால் வில், அதே எழுத்தை 'பௌ' என்று படித்தால் படகின் அணியம். எழுத்தைப் பார்த்து உச்சரிக்க முடியாது, அர்த்தம் தெரிந்தால்தான் வாய் திறக்கலாம். தமிழில் எழுத்தைப் பார்த்ததும் படித்துவிடுகிற நமக்கு இது அநியாயமாகத்தான் படும்.

அகராதியில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருக்கு. எதை எடுப்பது?

முதல் நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். மாணவர்களுக்கான அகராதிகள் பெரும்பாலும் அதிகம் புழங்கும் அர்த்தத்தை முதலில் போடும். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ எது பழையதோ அதை முதலில் போடும். அதில் முதலில் இருப்பது செத்துப்போன அர்த்தமாகக்கூட இருக்கலாம். அதன் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். யாரும் மனப்பாடம் செய்ய முடியாது.

பெயரா வினையா என்று முதலில் பாருங்கள், பாதி அர்த்தம் கழன்றுவிடும். அப்புறம் கூட நிற்கும் சொல். 'டெண்டர்' கூட கோகனட் வந்தால் இளநீர், நோட்டீஸ் வந்தால் ஒப்பந்தப்புள்ளி, கப்பல் வந்தால் அதற்குச் சாமான் கொண்டுபோகும் சிறு படகு. 'பேரர்' கூட செக் வந்தால் கொண்டு வருகிறவருக்குப் பணம். டேபிள் வந்தால் தோசை.

தமிழில் எழுதினதை இங்கிலீஷில் போடும்போதும் இதே தொல்லை வருமா?

வரும். கரை என்று எழுதினால் இங்கிலீஷ்காரன் நாலு கேள்வி கேட்பான்: ஆற்றுக்கரை என்றால் பேங்க், கடலும் தரையும் சந்திக்கும் ஓரம் என்றால் ஷோர், வரைபடத்தில் நீளமாகப் பார்த்தால் கோஸ்ட், மணலில் காலாற நடந்தால் பீச். புயல் கரையைக் கடக்கும்போது அவனுக்குக் கடப்பதே தெரியாது, 'லேண்ட்ஃபால்' என்பான். சேலைக்கும் கரை உண்டு, சர்க்கரையும் கரையும், மேலே சொன்ன காக்காவும் கரையும்.

போன மாதம் ஒரு பெரியவர் மானிய விண்ணப்பத்தோடு வந்தார். வேறு எங்கோ கொடுத்து இங்கிலீஷில் அடித்து வாங்கியிருக்கிறார். தொழில் என்ற இடத்தில் கரைவலை மீன்பிடிப்பு. அடித்தவர் சேலைக் கரையை நினைத்து 'பார்டர் நெட்' என்று போட்டிருந்தார். சரி, 'ஷோர் ஸீன்' என்று திருத்தினேன். ஸீன் என்றால் வளைத்து இழுக்கும் வலை. பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்: "சீனா? ஏம்ப்பா, நான் எங்க சீன் போட்டேன்?"